ஸ்டாண்டிஷ் எந்த வீட்டுப் பிள்ளை? ஓர் உயிலும் ஏழு இடப்பெயர்களும்

1656 மார்ச் 7ஆம் தேதி, மாசசூசெட்ஸ் கடற்கரையில் உள்ள டக்ஸ்பரியில், கேப்டன் மைல்ஸ் ஸ்டாண்டிஷ் உயில் எழுதிவைத்தார். இறந்தால் மகள் லோராவுக்கும் மருமகள் மேரிக்கும் பக்கத்தில் அடக்கம் செய்யச் சொன்னார். மெர்சி ராபின்சன் என்ற பெண்ணுக்கு அவளுடைய தாத்தாவின் பொருட்டு மூன்று பவுண்டு ஒதுக்கினார். கடல் தாண்டி வந்து 36 ஆண்டு ஆன பிறகும், இங்கிலாந்தில் விட்டுவந்த ஒரு வழக்கை மகன் கையில் ஒப்படைத்தார். ஓர்ம்ஸ்கிர்க், பர்ஸ்கோ, ரைட்டிங்டன், மாட்ஸ்லி, நியூபரோ, க்ராஸ்டன், மாண் தீவு ஆகிய இடங்களில் தனக்கு முறைப்படி வாரிசுரிமையாக வரவேண்டிய நிலங்கள் கள்ளத்தனமாகப் பிடித்துவைக்கப்பட்டிருக்கின்றன. தன் கொள்ளுத்தாத்தா ஸ்டாண்டிஷ் ஊர் ஸ்டாண்டிஷ் வீட்டின் இரண்டாம் சகோதரரோ இளைய சகோதரரோ ஆவார். அந்த நிலங்கள் வாரிசான மகன் அலெக்சாண்டரைச் சேரும் என்று எழுதினார். அதே ஆண்டு அக்டோபர் 3ஆம் தேதி இறந்தார்.

1620இல் இங்கிலாந்திலிருந்து மேஃபிளவர் கப்பலில் குடியேற வந்த 102 பயணிகளில் அமெரிக்கர்களுக்கு நன்கு தெரிந்த பெயர்களில் ஒன்று இவருடையது. அவர்கள் மாசசூசெட்ஸில் அமைத்த பிளிமத் காலனியின் படைத்தலைவர். முதல் மனைவி ரோஸ் வந்த முதல் குளிர்காலத்திலேயே இறந்தார். 1623இல் ஆன் என்ற கப்பலில் வந்த பார்பரா இரண்டாம் மனைவி. இருவருக்குமே பிறந்த வீட்டுப் பெயர் எந்த ஆவணத்திலும் இல்லை. மைல்ஸின் தகப்பனார் பெயரும் இல்லை. அவருடைய வம்சாவளியைப் பற்றிய அத்தனை வாதங்களும் கடைசியில் உயிலின் அந்த ஒரு பத்தியில்தான் வந்து நிற்கின்றன. அதைப் படித்த விதத்தில்தான் பிழையும் நடந்தது.

அந்தப் பத்தி பிறப்பைப் பற்றியது அல்ல, நிலத்தைப் பற்றியது. எங்கே பிறந்தார் என்ற கேள்விக்கு அது பதில் சொல்லவில்லை. எந்த நிலம் யார் வழியாக வந்தது என்பதைத்தான் சொல்கிறது. நம் ஊரில் ஒரு மனையின் வில்லங்கம் பார்ப்பவர் தாய்ப்பத்திரத்தைத் தேடிப் பின்னோக்கிப் போவாரே, இந்த உயிலையும் அப்படித்தான் படிக்க வேண்டும். ஆனால் ஒரு தலைமுறை முழுக்க இதை ஜாதகக் குறிப்பைப் போலப் படித்துவிட்டது.

முதலில் பட்டியலில் எந்த ஊர்கள் இல்லை என்று பாருங்கள். ஸ்டாண்டிஷ் ஊர் இல்லை. இங்கிலாந்தில் அதே பெயரில் உள்ள டக்ஸ்பரி இல்லை. டக்ஸ்பரி மாளிகையை அடுத்த சார்லி நகரமும் இல்லை. அப்போது வடமேற்கு இங்கிலாந்தின் லங்காஷயர் மாவட்டத்தில் ஸ்டாண்டிஷ் என்ற பெயரில் இரண்டு பெரிய வீடுகள் இருந்தன. ஒன்று ஸ்டாண்டிஷ் ஊரிலேயே இருந்த கத்தோலிக்கக் குடும்பம். மற்றொன்று சில மைல் தள்ளி, டக்ஸ்பரி மாளிகையில் இருந்த புராட்டஸ்டன்ட் குடும்பம். இரண்டும் ஒரே வேரிலிருந்து பிரிந்து ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் ஆகியிருந்தன. டக்ஸ்பரிக் கிளையில் பிறந்த ஒருவர் தன் கொள்ளுத்தாத்தாவை ஸ்டாண்டிஷ் ஊர் வீட்டின் சகோதரர் என்று சொல்ல முடியாது. தலைமுறைக் கணக்கு இடிக்கும்.

அடுத்தது காலக் கணக்கு. மைல்ஸ் பிறந்த ஆண்டாக 1584 பரவலாகச் சொல்லப்படுகிறது. அவருடையது என்று காட்டப்படும், நம்பகம் உறுதியாகாத ஓர் ஓவியத்தில் '1625, வயது 38' என்று இருப்பதால் 1587 என்பாரும் உண்டு. எதை எடுத்துக்கொண்டாலும் ஒரு தலைமுறைக்கு 25 முதல் 35 ஆண்டு வைத்து மூன்று தலைமுறை பின்னால் போனால், கொள்ளுத்தாத்தா 1480க்கும் 1510க்கும் இடையில் பிறந்திருப்பார். இங்கிலாந்தில் திருச்சபைப் பங்குகள், அதாவது ஒவ்வொரு தேவாலயத்துக்கும் உட்பட்ட வட்டாரங்கள், ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் உத்தரவிட்டது 1538இல். ஆக, அந்தக் கொள்ளுத்தாத்தாவின் ஞானஸ்நானம் எந்தப் பதிவேட்டிலும் இருக்க வழியில்லை. கோயில் பதிவேட்டை எத்தனை முறை புரட்டினாலும் இந்த வழக்கு தீராது.

ஆனால் 19ஆம் நூற்றாண்டில் தேடியது அங்கேதான். 1846இல் மைல்ஸின் வம்சத்தார் சேர்ந்து பணம் திரட்டி, சொத்து உரிமையை நிலைநாட்டும் எண்ணத்தோடு இங்கிலாந்துக்கு ஒரு முகவரை அனுப்பினார்கள். டக்ஸ்பரி மாளிகைக்குச் சொத்துரிமை கோரலாம் என்ற நம்பிக்கையில் அவர் சார்லி பங்குப் பதிவேட்டைத் தேடினார். 1584ஐ ஒட்டிய பக்கம் படிக்க முடியாதபடி தேய்ந்திருந்தது. சொத்தைக் காப்பாற்ற யாரோ வேண்டுமென்றே உரைத்து அழித்துவிட்டார்கள் என்ற கதை அங்கிருந்து கிளம்பியது. பிறந்த ஆண்டு 1584 என்று முதலில் வைத்துக்கொண்டு, அந்த ஆண்டின் பக்கம் தேய்ந்திருப்பதால் அவர் பெயர் அதில் இருந்திருக்கும் என்பது வாதம். படிக்க முடியாத பக்கம் எதற்கும் சாட்சி அல்ல. நானூறு ஆண்டு ஈரமும் விரல் தேய்ப்பும் கண்ட தோல்தாளில் மங்கிய பக்கங்கள் சாதாரணம். இதற்கு மாற்றுப் பிரதியும் கிடைக்காது: பங்குகள் தங்கள் பதிவின் நகலை ஆண்டுதோறும் ஆயருக்கு அனுப்ப வேண்டும் என்ற ஒழுங்கு 1598இல்தான் வந்தது. இவ்வளவு பலவீனமான அடித்தளம் இருந்தும் பல வம்சாவளிப் பட்டியல்களில் 1584, சார்லி என்ற இரண்டும் உறுதியான தகவல்போல் நிற்கின்றன.

டக்ஸ்பரி வாதத்துக்கு இன்னொரு தூண், அவர் குடியேறிய ஊரின் பெயர். 1637இல் தனி ஊராக அமைக்கப்பட்ட அந்த இடத்துக்கு டக்ஸ்பரி என்ற பெயர் அவர் வழியாக வந்திருக்கலாம். அந்தப் பெயர் அவருக்குப் பழக்கமான நிலப்பகுதியைக் காட்டும். எந்த வீட்டுத் தொட்டிலில் கிடந்தார் என்பதைக் காட்டாது.

அவர் லங்காஷயரில் பிறந்தார் என்று முதலில் எழுதியவர் காலனியின் செயலாளர் நத்தானியேல் மார்ட்டன். 1669இல் அச்சான தன் வரலாற்று நூலில், பெரும் நிலங்களுக்கு வாரிசு, அவை கள்ளத்தனமாகப் பிடித்துவைக்கப்பட்டன, கொள்ளுத்தாத்தா ஸ்டாண்டிஷ் வீட்டின் இளைய சகோதரர் என்றெல்லாம் சொல்கிறார். உயிலும் இந்த நூலும் ஒத்துப்போவதாகச் சிலர் மகிழ்வது உண்டு. சொற்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மார்ட்டன் உயிலின் வாசகத்தையே எடுத்து எழுதியிருப்பது தெரியும். காலனியின் பதிவேடுகள் அவர் பொறுப்பில் இருந்தன. ஒரே சாட்சி இரண்டு முறை பேசினால் இரண்டு சாட்சி ஆகிவிடாது. உயிலில் இல்லாமல் மார்ட்டன் சேர்த்திருப்பவை, லங்காஷயரில் பிறந்தார் என்பதும் இளமையில் நெதர்லாந்தில் போர் வீரராக இருந்து அங்கே லெய்டன் நகரில் இருந்த ஆங்கிலேயச் சபையாரோடு பழகினார் என்பதும்தான். ஆளை நேரில் அறிந்தவர் எழுதியது என்பதால் அவற்றுக்கு மதிப்பு உண்டு.

நிலம் காட்டும் வழி

பாதையை மாற்றியவர் லங்காஷயரின் கப்புல் ஊர்ப் பாதிரியார் டி. சி. போர்ட்டியஸ். 1914இல் வெளியிட்ட ஆய்வில் அவர் ஆளைத் தேடவில்லை, நிலத்தைத் தேடினார். உயிலில் சொன்ன ஆறு லங்காஷயர் ஊர்களிலும் ஒரே நேரத்தில் நிலம் வைத்திருந்த ஸ்டாண்டிஷ் யார்? 16ஆம் நூற்றாண்டுப் பத்திரங்களில் அந்தச் சேர்க்கை ஓர்ம்ஸ்கிர்க் ஊர் ஸ்டாண்டிஷ் குடும்பத்தில் பொருந்தியது. இது இரண்டு பெரிய வீடுகளையும் விடச் சிறிய, இளைய கிளை. ஆறு ஊர்ப் பெயர்கள் தற்செயலாக ஒரே குடும்பத்தில் வந்து விழாது. இந்த வழக்கில் இதைவிட வலுவான சான்று எனக்குத் தெரிந்து இதுவரை வேறில்லை.

ஏழாவதான மாண் தீவுக்கும் இந்த வழியில் விளக்கம் இருக்கிறது. 1405 முதல் மாண் தீவின் ஆட்சி ஸ்டான்லி குடும்பத்திடம், அதாவது பின்னாளில் டார்பி பிரபுக்கள் ஆனவர்களிடம் இருந்தது. அவர்களுடைய லேத்தம் கோட்டை ஓர்ம்ஸ்கிர்க்கிலிருந்து சில மைல் தூரம். அவர்கள் வழக்கமாக அடக்கம் செய்யப்பட்டது பர்ஸ்கோ மடத்தில். 1536இல் மடம் கலைக்கப்பட்டதும் கல்லறைகள் ஓர்ம்ஸ்கிர்க் தேவாலயத்துக்கு மாறின. ஓர்ம்ஸ்கிர்க் வட்டாரச் சிறு நிலக்கிழார் வீட்டு இளைய பிள்ளைகள் பிரபுவின் ஊழியத்தில் தீவுக்குப் போய் நிலம் பெறுவது இயல்பாக நடக்கக்கூடியது. மூத்தவனுக்கே நிலம் போகும் இங்கிலாந்து முறையில் இளையவனுக்கு வெளியே பிழைப்புத் தேடுவதைத் தவிர வழி குறைவு. அண்ணன் தம்பி பாகம் பிரித்துக்கொள்ளும் நம் வழக்கத்தை மனத்தில் வைத்துக்கொண்டு இந்தக் குடும்பங்களைப் படித்தால் 'இரண்டாம் அல்லது இளைய சகோதரர்' என்ற சொல்லின் கனம் புரியாமல் போகும்.

1980களில் ஜி. வி. சி. யங் ஒரு படி மேலே போய், மைல்ஸ் மாண் தீவிலேயே பிறந்தவர் என்று வாதிட்டார். தீவில் ஸ்டாண்டிஷ் குடும்பம் இருந்தது உண்மை. லெசேர் பங்கில் உள்ள எல்லன்பேன் நிலம் அவர்களோடு தொடர்புடையது. ஆனால் நிலம் இருந்த இடம் பிறந்த இடம் ஆகாது. டக்ஸ்பரி வாதம் செய்த அதே தாவலை இந்த வாதமும் செய்கிறது. தீவின் பங்குப் பதிவேடுகள் பெரும்பாலும் 17ஆம் நூற்றாண்டில்தான் தொடங்குவதால் ஞானஸ்நானத்தை வைத்து நிறுவவும் முடியாது, மறுக்கவும் முடியாது. நிலக் குத்தகைப் பட்டியல்கள் 1511இலிருந்து இருக்கின்றன. தீவைப் பொறுத்தவரை தேடவேண்டியது அவற்றையும் பழைய உயில்களையும்தான்.

நிலத்தைப் பொறுத்தவரை ஓர்ம்ஸ்கிர்க் கிளை என்பது உறுதிக்கு மிக அருகில் வந்துவிட்ட முடிவு. அந்தக் கிளையிலிருந்து மைல்ஸ் வரை வரும் மூன்று கண்ணிகளில் தகப்பன், தாத்தா ஆகிய இரண்டும் காலியாக இருக்கின்றன. அவற்றைப் பெயர் போட்டு நிரப்பிய எந்தப் பட்டியலையும் ஆவணம் கேட்காமல் ஏற்க வேண்டாம்.

ஆவணத்தைப் படிக்கும்போது

லங்காஷயருக்குத் தனி நீதிமன்றங்கள் இருந்தன என்பதை மறந்து வெஸ்ட்மின்ஸ்டர் ஆவணங்களில் மட்டும் தேடுவது முதல் தவறு. வேண்டியவை லண்டன் க்யூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், லங்காஸ்டர் கோமகன் ஆட்சிப் பிரிவுகளில் இருக்கின்றன. பி.எல். 17 என்ற வரிசையில் நில உடன்படிக்கைத் தீர்வுகள், டி.எல். 7இல் நிலக்கிழார் இறந்தபின் நடக்கும் வாரிசு விசாரணைகள், டி.எல். 1இல் கோமகன் மன்றத்தில் போட்ட வழக்கு மனுக்கள். உயில்களுக்கு வேறு வழி: ரிபிள் ஆற்றுக்குத் தெற்கே உள்ளவர்களின் உயில்கள் செஸ்டர் ஆயர் மன்றத்தில் மெய்ப்பிக்கப்பட்டன. ஓர்ம்ஸ்கிர்க், சார்லி, ஸ்டாண்டிஷ் மூன்றும் ஆற்றுக்குத் தெற்கே. செஸ்டரில் மெய்ப்பித்த லங்காஷயர் உயில்கள் இப்போது பிரெஸ்டன் நகரத்து லங்காஷயர் ஆவணக் காப்பகத்தில் உள்ளன.

நில உடன்படிக்கைத் தீர்வு ஓர் அருமையான ஆவணம். ஒரே தோல்தாளில் ஒரே வாசகத்தை மூன்று முறை எழுதி, அலை அலையான கோட்டில் வெட்டுவார்கள். மேலே உள்ள இரண்டு துண்டுகள் ஆளுக்கு ஒன்றாக இரு தரப்புக்கும் போகும். அடித்துண்டு நீதிமன்றத்தில் நிற்கும். குடும்பத்தார் தங்கள் துண்டைத் தொலைத்திருந்தாலும் அடித்துண்டு கிடைக்கும். ஆனால் அதில் வரும் ஏக்கர் கணக்கையும் விலையையும் அப்படியே நம்பக்கூடாது. அது விற்பனையை வழக்குப்போல் நடத்திக்காட்டும் சட்ட ஏற்பாடு. பரப்பளவை முழு எண்ணாக உயர்த்தி எழுதுவதும், விலையைச் சம்பிரதாயத்துக்கு ஒரு தொகையாகப் போடுவதும் வழக்கம். நம்பத்தக்கவை ஆள் பெயர், ஊர்ப் பெயர், தேதி, இவற்றோடு மனைவி பெயரும் சேர்ந்திருக்கிறதா என்பது. மனைவி பெயர் சேர்ந்திருந்தால் நிலம் அவள் வழியாக வந்திருக்கலாம் என்று பொருள். தேட வேண்டிய குடும்பமே மாறிவிடும்.

வாரிசு விசாரணையில் வாரிசின் வயது '21க்கு மேல்' என்று இருந்தால் 21 என்று குறித்துக்கொள்ளாதீர்கள். அவர் மைனர் இல்லை என்பது மட்டும்தான் அதன் பொருள். 40 வயதுக்காரராகவும் இருக்கலாம்.

எழுத்தும் ஏமாற்றும். ஸ்டாண்டிஷ் உயிலின் மூலம் இல்லை, காலனிப் பதிவேட்டு நகல்தான் இருக்கிறது. அதில் ஓர்ம்ஸ்கிர்க் 'ஓர்மிஸ்டிக்' என்றும் க்ராஸ்டன் 'க்ராவ்ஸ்டன்' என்றும் இருக்கின்றன. அந்த ஊர்களைக் கண்டிராத எழுத்தர் நகல் எடுத்ததன் அடையாளம் இது. அச்சிட்ட பெயர்த்தெழுத்தை நம்பி 'ஓர்மிஸ்டிக்' என்று தேடினால் எதுவும் கிடைக்காது.

உறவுச் சொற்கள் இன்னொரு பொறி. 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் 'கசின்' என்ற சொல் அண்ணன் மகனுக்கும் வரும், தங்கை மகளுக்கும் வரும். 'சன் இன் லா' என்பது பல இடங்களில் மாற்றாந்தகப்பன் வளர்த்த மகன். மருமகன் என்று அக்கா மகனையும் சொல்லி, மகள் கணவனையும் சொல்லும் நமக்கு இது விளங்கும்: சொல்லை வைத்து உறவை முடிவு செய்ய முடியாது, சூழலை வைத்துத்தான் முடியும்.

தேதிக்கு ஓர் உதாரணம் கையில் இருக்கிறது. அதே மேஃபிளவரில் வந்த ஸ்டீபன் ஹாப்கின்ஸ், க்ளஸ்டர்ஷயரின் வாட்டன் அண்டர் எட்ஜ் ஊர்த் துணி வணிகர் மகன், கான்ஸ்டன்ஸ் டட்லியை மணந்தவர் என்று நெடுங்காலம் எழுதிவந்தார்கள். பெயர்ப் பொருத்தத்தைத் தவிர அதற்கு ஆதாரம் கிடையாது. 1998இல் கேலப் ஜான்சன் ஹாம்ப்ஷயரின் ஹர்ஸ்லி பங்குப் பதிவேட்டில் ஸ்டீபன் ஹாப்கின்ஸின் பிள்ளைகளாக எலிசபெத், கான்ஸ்டன்ஸ், ஜைல்ஸ் என்ற மூவரின் ஞானஸ்நானத்தைக் கண்டார். கப்பலில் முதல் மனைவியின் பிள்ளைகளாக வந்தவர்கள் ஜைல்ஸும் கான்ஸ்டன்ஸும் என்று ஆளுநர் பிராட்ஃபோர்டே எழுதிவைத்திருக்கிறார். தந்தை பெயரோடு இரண்டு பிள்ளைகளின் பெயரும் சேர்ந்து பொருந்தியபோதுதான் அது சான்று ஆயிற்று. பிறகு ஸ்டீபனின் ஞானஸ்நானமே ஹாம்ப்ஷயரின் அப்பர் க்ளாட்ஃபோர்டில், 1581 ஏப்ரல் 30 தேதியிட்டுக் கிடைத்தது.

இப்போது தேதியைப் பாருங்கள். கான்ஸ்டன்ஸ் ஞானஸ்நானம் 1606 மே 11. ஜைல்ஸுக்கு 1607 ஜனவரி 30. இடைவெளி எட்டரை மாதம் என்று கணக்கிட்டு, ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளாக இருக்க முடியாது என்று இந்தப் பக்கத்தைத் தள்ளிவிட இடமுண்டு. ஆனால் இங்கிலாந்தில் 1752 வரை ஆண்டு மார்ச் 25ஆம் தேதிதான் பிறந்தது. பதிவேட்டின் 1607 ஜனவரி, நம் கணக்கில் 1608 ஜனவரி. இடைவெளி இருபது மாதத்துக்கு மேல். ஸ்டாண்டிஷ் உயிலும் இப்படியே: நகலில் 1655 மார்ச், நமக்கு 1656. லெய்டனை உள்ளடக்கிய ஹாலந்து மாகாணம் 1583இலேயே புதிய நாட்காட்டிக்கு மாறிவிட்டதால் அங்குள்ள ஆவணங்கள் ஆங்கிலத் தேதிக்குப் பத்து நாள் முன்னே ஓடும். ஆவணத் தேதியை உள்ளபடி ஒரு பத்தியிலும், திருத்திய தேதியை இன்னொரு பத்தியிலும் எழுதிக்கொள்வதே பாதுகாப்பு.

மரபணுச் சோதனையைப் பற்றிக் கேட்பவர்கள் அதிகம். சாதாரணக் குடும்பச் சோதனை இதற்கு உதவாது. பத்துத் தலைமுறை முன்னால் இருந்த ஒரு மூதாதையிடமிருந்து நமக்கு வருவது சராசரியாக 1,024இல் ஒரு பங்கு, பல நேரம் எதுவுமே வராது. தகப்பன் வழி மாறாமல் வரும் ஒய் குரோமோசோம் சோதனை பயன்படலாம். அதற்கு இரண்டு பக்கமும் ஆவணத்தால் நிறுவப்பட்ட ஆண் வழி வாரிசு வேண்டும். மைல்ஸ் பக்கம் ஆண் வழி உண்டு. இங்கிலாந்துப் பக்கம்தான் சிக்கல்: டக்ஸ்பரி மாளிகையின் பட்டத்து ஆண் வழி 1812இல் பிராங்க் ஸ்டாண்டிஷோடு முடிந்தது, ஸ்டாண்டிஷ் ஊர் வீட்டின் மூத்த ஆண் வழி அதற்கும் முன்பே 18ஆம் நூற்றாண்டில் அற்றது. இளைய கிளைகளில் ஒருவர் கிடைத்துப் பொருந்தினாலும், ஒரே வேர் என்பது தெரியும். எந்தத் தலைமுறையில் பிரிந்தது என்பது தெரியாது. டக்ஸ்பரிக் கிளையும் ஓர்ம்ஸ்கிர்க் கிளையும் ஒரே வேரிலிருந்து வந்தவைதாமே.

விலைக்கு வாங்கிய வம்சாவளிகளிடம் மிகுந்த எச்சரிக்கை தேவை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சுவீடனில் பிறந்த குஸ்தாவ் அஞ்ஜூ பணக்கார அமெரிக்கக் குடும்பங்களுக்கு உயில்களையும் பங்குப் பதிவுகளையும் கற்பனையாகச் செய்து கொடிவழி எழுதி விற்றார். உண்மை ஆவணங்களுக்கு நடுவில் பொய்யைச் செருகுவது அவர் முறை. பத்தில் எட்டு மேற்கோள் சரியாக இருக்கும், கடல் தாண்டும் அந்தக் கண்ணி மட்டும் பொய்யாக இருக்கும். ஆகவே எந்தப் பட்டியலிலும் முதலில் சோதிக்க வேண்டியது குடியேறியவருக்கும் அவர் தகப்பனாருக்கும் இடையே உள்ள ஒற்றை வரியை. மூன்று தட்டுகள் பொறித்த ஸ்டாண்டிஷ் குலச்சின்னம் ஒரு பட்டியலின் மேல் அச்சிட்டிருப்பதும் ஆதாரம் ஆகாது.

இனி எங்கே தேடலாம்? நிலம் 'பிடித்துவைக்கப்பட்டது' என்றால், யாராவது எப்போதாவது அதற்காக வழக்குப் போட்டிருக்க வேண்டும். மனுக்கள் உள்ள டி.எல். 1 அதற்கு முதல் இடம். 1570 முதல் 1620 வரை போதும். அங்கே ஸ்டாண்டிஷ் என்ற பெயரை மட்டும் வைத்துத் தேடினால் தவறிவிடும். தகப்பன் இளமையில் இறந்து பிள்ளை மைனராக இருந்திருந்தால், வழக்கைப் போட்டவர் தாயின் இரண்டாம் கணவராகவோ தாய்மாமனாகவோ வேறு பெயரில் இருப்பார். அட்டவணையில் மாட்ஸ்லி, நியூபரோ, ரைட்டிங்டன் என்று ஊர் வழியாகப் போய், இரண்டு மூன்று ஊர்கள் ஒரே மனுவில் வரும் இடங்களை எடுத்து, மனுவின் உள்ளே பிள்ளை பெயரைப் பார்க்க வேண்டும்.